மகளின் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிய முதல்வருக்கு

செம்பாக்கம் ஏரிக்கரை இறையியல் கல்விச்சாலையின் முதல்வராகவும் அதன் சிற்றாலயத்தின் மேய்ப்பராகவும் முப்பத்து நான்கு ஆண்டுகள் ஓயாது உழைத்து, இன்று பணி நிறைவு காணும் பேராசிரியர் தனசிங் அவர்களுக்கு, உடன் உழைத்த நாங்கள் உள்ளம் நெகிழ்ந்து வாசித்தளிக்கும் பாராட்டு மடல்.

அன்பாலும் அறிவாலும் எங்களை ஆண்ட அண்ணலே! எபிரேய எழுத்தை ஏட்டிலிருந்து எங்கள் நாவுக்கு ஏற்றி வைத்த ஏந்தலே! கடிந்து பேசும் வேளையிலும் கனிவு குறையாத கண்ணியமே! ஏரி பெருகி எங்கள் படியேறிய ஆண்டில், வேட்டியை மடித்துக் கட்டி, நூலகத்து நூல்களையெல்லாம் தலையில் சுமந்து மாடியேற்றிய தலைவரே! ஆட்டோ ஓட்டுபவருக்கும், ஆஸ்பத்திரியில் இரவுப் பணி பார்க்கும் செவிலிக்கும், விமான நிலையத்தில் மூட்டை தூக்குபவருக்கும் மாலை வகுப்பு தொடங்கி, மறைநூலின் மூலமொழியை அவர்கள் மடியில் இறக்கி வைத்த மாண்பே! வணக்கம்.

இந்த நடையிலேயே நான்கு பக்கம் எழுதினார் எங்கள் அலுவலகக் கண்காணிப்பாளர் பட்டாபிராமன். எழுதியதைப் பிழை திருத்திக்கொள்ள முதல்வரிடமே வாசித்துக் காட்டினார். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்த முதல்வர், முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பட்டாபி சார், தமிழ் தேனா இருக்கு. ஆனா இதுல வர்ற ஆள் யாருன்னு எனக்குத் தெரியல."

"சார், உங்களைப் பத்திதான் சார்."

"அப்போ நான் பண்ண தப்பையும் போடுங்க. இந்த வருஷம் நடந்ததைப் போடலைன்னா, நீங்க மடலை ஃப்ரேம் போட்டுக் குடுத்தாலும் இந்தச் சுவத்திலேயே மாட்டிட்டுப் போயிடுவேன்."

பட்டாபிராமன் பதறிப்போய் முதல்வரின் மகள் வெண்ணிலாவிடம் போனார். அவர் சிரித்தார். "அப்பா சொன்னா எழுதிடுங்க அங்கிள். ஆனா என்னை ரொம்ப நல்லவளா காட்டிடாதீங்க. மூணு நாள் நான் அவரோட பேசவே இல்ல. அதையும் சேர்த்து எழுதுங்க."

ஆகவே, ஐயா, தங்கள் கட்டளையைத் தலைமேற்கொண்டு நடந்ததை நடந்தபடி எழுதுகிறோம். தங்களை எதிரே நிறுத்திக்கொண்டு தங்கள் தவறைத் தங்களுக்கே சொல்ல எங்கள் நா கூசுகிறது. எனவே இனி 'தாங்கள்' என்பதை விட்டு 'அவர்' என்று சொல்கிறோம். பொறுத்தருள்க.

இந்தக் கல்விச்சாலையைத் தொடங்கியவர் தனசிங்கின் தந்தை, போதகர் ஞானசிகாமணி. ஏரிக்கரையில் ஓடு வேய்ந்த ஒரு கொட்டகையில் ஏழு பேரைச் சேர்த்துத் தொடங்கியது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்றாம் ஆண்டு, உடல்நலம் குன்றியிருந்த அந்தப் பெரியவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடுவே மகனைப் பெயர் சொல்லி அழைத்தார். தனசிங்குக்கு அப்போது முப்பத்தொரு வயது. தாம்பரத்தில் ஒரு பள்ளியில் வரலாறு கற்பித்துக்கொண்டிருந்தார். எதற்கு அழைக்கிறார் என்று தெரியாமல் எழுந்து போனார். தந்தை தம் கறுப்பு அங்கியைக் கழற்றி, ஒரு வார்த்தையும் கேட்காமல், மகனுக்கு அணிவித்தார். கை நீளம் அதிகம். விரல்கள் உள்ளே மறைந்துபோயின. மக்கள் கைதட்டினார்கள்.

முன்வரிசையில் பாக்கியநாதன் உட்கார்ந்திருந்தார். பத்தொன்பது ஆண்டுகள் ஞானசிகாமணிக்குத் தோள் கொடுத்த ஆசிரியர் அவர். போதகர் படுக்கையில் கிடந்த மாதங்களில் அவருடைய வகுப்பையெல்லாம் இவரே நடத்தினார். அடுத்த முதல்வர் இவர்தான் என்று நாய்க்குட்டிக்கும் தெரியும். அன்று எல்லோரும் எழுந்தபோது அவரும் எழுந்தார். எல்லோரும் ஆமென் சொன்னபோது அவரும் சொன்னார். புதன்கிழமை தம் புத்தகங்களை இரண்டு கட்டாகக் கட்டி, சைக்கிள் கேரியரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். வாசலில் நின்ற தனசிங்கைப் பார்த்து, "நல்லா இருங்க தம்பி" என்றார். அவ்வளவுதான். அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தாலாவது தேவலை என்று தனசிங் பிற்காலத்தில் எங்களில் சிலரிடம் சொன்னதுண்டு.

அந்த இரண்டு கட்டுப் புத்தகங்கள் அவர் நெஞ்சைவிட்டு இறங்கவில்லை. அப்பன் இருந்த இடத்தில் பிள்ளை உட்காரலாமா, எப்போது உட்காரலாம், யார் சொல்லி உட்காரலாம்? இதைத் தெரிந்துகொள்ளத்தான் அவர் எபிரேயம் என்னும் ஹீப்ரு மொழியையே படித்தார். யூத ஞானிகள் இந்தக் கேள்வியைத் தலைமுறை தலைமுறையாக விவாதித்து வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிந்திய நேரத்தையெல்லாம் அதற்கே கொடுத்தார். அங்கே அவர் கண்டது இரண்டு வழிகள். தலைமைக் குருவான ஆரோனின் ஆசாரிய உடையை மலையுச்சியில் கழற்றி அவன் மகன் எலெயாசாருக்கு உடுத்தினார்கள். ஆசாரியத்துவம் இரத்தத்தின் வழியே போனது. ஆனால் ஆரோனின் தம்பி, மக்களை வழிநடத்திய மோசேக்கு அப்படி நடக்கவில்லை. தனக்குப் பின் தன் பிள்ளைகள் வரவேண்டும் என்று மோசே ஆசைப்பட்டார் என்றும், இறைவன் அதற்கு இணங்காமல் அவருடைய சீடன் யோசுவாவைக் காட்டினார் என்றும் யூத ஞானிகள் சொல்கிறார்கள். மறைஞானம் என்னும் மகுடம் எந்தக் குடும்பத்துச் சொத்தும் இல்லை, யார் வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் முடிவு.

ஒவ்வொரு ஜூன் மாதமும் முதல் வாரத்தில் தனசிங் இந்தப் பாடத்தை நடத்துவார். மோசேயின் பிள்ளைகள் ஒதுக்கப்பட்ட இடம் வந்ததும் அவர் குரல் கம்மும். மாணவர்கள் அதைப் பக்தி என்று நினைத்துக்கொள்வார்கள்.

பழுதில்லாப் பணியின் பெருந்தகையே என்று எழுதத்தான் எங்களுக்கும் ஆசை. ஆனால் பழுது இங்கேதான் தொடங்கியது.

வெண்ணிலா அவருடைய ஒரே மகள். மனைவி கிரேஸ் ஆறு ஆண்டுகளுக்கு முன் காலமான பிறகு, வளாகத்தின் பின்புறமிருந்த முதல்வர் வீட்டில் அப்பாவும் மகளும் மட்டுமே. வெண்ணிலா எபிரேயத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். பதினோரு ஆண்டுகளாக இங்கே பாடம் நடத்துகிறார், கௌரவ விரிவுரையாளர் என்ற பெயரில். நிரந்தர இடம் காலியானபோதெல்லாம் தனசிங் வேறு ஒருவரை நியமித்தார். "அடுத்த தடவை பார்க்கலாம்மா" என்பார். மூன்று தடவை அப்படி நடந்தது. தகுதியில் வெண்ணிலாவுக்குக் கீழே இருந்தவர்களும் அந்த இடத்துக்கு வந்தார்கள். அவர்களில் இருவர் இந்த மடலில் எங்களோடு கையொப்பமிட்டிருக்கிறார்கள். எங்கள் எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்தும் வாய் திறக்கவில்லை. முதல்வரின் நேர்மை என்று மெச்சிக்கொண்டோம். அவர் தவறை எழுதச் சொன்ன மடலில் எங்கள் மௌனத்தையும் எழுதிவிடுகிறோம்.

இந்த ஆண்டு, அடுத்த முதல்வருக்கான விண்ணப்பங்களை ஆட்சிக்குழு கோரியது. ஆறு வந்தன. பட்டாபிராமன் அவற்றை முதல்வர் மேஜையில் கொண்டுபோய் வைத்தார். தனசிங் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். ஐந்தாவதில் கை நின்றது. அதன் மேல் ஓரத்தில், 'உறவினர். பரிசீலனைக்கு இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டு, தனியே நகர்த்தினார்.

"இதைத் திருப்பி அனுப்பிடுங்க."

"கமிட்டி பார்க்கட்டுமே சார். அவங்க வேண்டாம்னு சொன்னா அது வேற."

"என் பொண்ணு பேரு அந்த மேஜைக்கே போகக் கூடாது பட்டாபி சார்."

விண்ணப்பம் வெண்ணிலாவின் கைக்குத் திரும்பி வந்தது. மறுநாள் காலை இட்லித் தட்டின் முன்னால் அப்பாவைக் கேட்டார்.

"அப்பா, எனக்குத் தகுதி இல்லையா, இல்ல நான் உங்க பொண்ணுங்கறதுதான் பிரச்சினையா?"

தனசிங் பொய் சொல்லத் தெரியாதவர். "பொண்ணுங்கறதுதான்" என்றார்.

"அந்த போஸ்ட்லேருந்து என்னால ரிசைன் பண்ண முடியாதேப்பா."

தட்டை எடுத்துக்கொண்டு வெண்ணிலா உள்ளே போய்விட்டார். அதன் பிறகுதான் அந்த மூன்று நாள் மௌனம். நான்காம் நாள் பேசினார். பெங்களூரில் ஒரு கல்லூரியில் ஜூன் மாதம் சேரச் சொல்லியிருக்கிறார்கள் என்ற தகவலைச் சொல்வதற்காக. "நல்ல இடம்மா" என்றார் தனசிங். தாம் சரியாகத்தான் செய்தோம் என்பதில் அவருக்கு அன்று வரை சந்தேகமே இல்லை. வலித்தது. வலிப்பதாலேயே அது சரி என்று நம்பினார்.

ஆட்சிக்குழு, முதல்வரின் பரிந்துரைப்படி, பல்லாவரத்தில் சபை நடத்திக்கொண்டிருந்த போதகர் ஜாய்சனை ஏறக்குறைய முடிவு செய்தது. நாற்பத்திரண்டு வயது. தனசிங்கின் பழைய மாணவர், நல்ல படிப்பாளி, நல்ல மனிதர். இடத்தைப் பழகிக்கொள்ள ஒரு மாதம் முன்னதாகவே வரச் சொன்னார்கள். வந்தவருக்கு எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கும் வேலை வெண்ணிலாவின் தலையில் விழுந்தது. யாரும் சொல்லவில்லை, அவரே எடுத்துக்கொண்டார். ஊருக்குக் கிளம்புவதற்குள் முடிக்க வேண்டும் என்று, ஒரு நீல அட்டை நோட்டில் மாணவர் ஒவ்வொருவரைப் பற்றியும் எழுதி ஜாய்சனிடம் கொடுத்தார்.

இரண்டு வாரம் கழித்து, தனசிங் தம் கடைசி ஜூன் பாடத்தை நடத்தினார். ஆசிரியர்கள் எல்லோரும் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டோம். ஜாய்சனும் இருந்தார். வெண்ணிலா மட்டும் வரவில்லை. பெங்களூருக்குப் போகும் புத்தகங்களை அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். விமானம் ஒன்று தலைக்கு மேல் தாழப் பறந்து போகும் வரை, வழக்கம்போலப் பேச்சை நிறுத்திக் காத்திருந்து, தனசிங் தொடர்ந்தார்.

"மோசே கேட்டார். கிடைக்கல. பிள்ளைங்கறது ஒரு தகுதியே இல்லைன்னு இறைவன் சொல்லிட்டார்."

ஜாய்சன் கையை உயர்த்தினார். "ஐயா, ஒரு சந்தேகம். பிள்ளைங்கறதாலதான் அவங்களை வேண்டாம்னு சொன்னாரா?"

"வேற எதுக்கு?"

"ஞானிகள் சொன்ன காரணம் வேற இல்லையா ஐயா? நீங்கதான் எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க. உன் பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருந்தாங்க, மறையைப் படிக்கல. யோசுவா உன் கூடத்துக்கு அதிகாலையிலேயே வந்தான், கடைசியா போனான், பெஞ்செல்லாம் ஒழுங்கா போட்டான், பாய் விரிச்சான். அதனால அவன்தான்னு சொன்னதா இருக்கு. பிள்ளைகளே பெஞ்சு போட்டிருந்தா?"

ஜாய்சன் தயங்கித் தயங்கித்தான் அடுத்ததைக் கேட்டார்.

"இங்க பெஞ்சு போடறது யாருங்கய்யா?"

ஆலயத்துக்கும் வகுப்புக்கும் எங்கள் கூடம் ஒன்றே ஒன்றுதான். காலை ஜெபத்துக்குத் தரையில் பாய் விரிக்க வேண்டும். அது முடிந்ததும் வகுப்புக்குப் பெஞ்சு போட வேண்டும். அதெல்லாம் தானாக நடக்கிறது என்பதுபோல எல்லோரும் வந்து உட்கார்ந்து எழுந்து போய்க்கொண்டிருந்தோம். தனசிங் எங்களைப் பார்த்தார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். தேநீர்த் தூக்கோடு வாசலில் நின்றிருந்த விடுதிச் சமையலம்மா குப்பம்மா, பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டார்.

"இன்னாய்யா, தெரியாத மாரி கேக்குறீங்க? நம்ம வெண்ணிலா பாப்பாதான். காலீல அஞ்சரைக்கே வந்துடும். நான் அடுப்பு பத்த வெக்கிறதுக்குள்ள பாயெல்லாம் விரிச்சி முடிஞ்சி கீது. பதினோரு வருசமா பாத்துகினு கீறேன்."

வெண்ணிலா காலையில் ஏரியைச் சுற்றி நடக்கப் போகிறார் என்றே பதினோரு ஆண்டுகளாகத் தனசிங் நினைத்திருந்தார்.

"போன மாசமும் வந்தாளா?" என்று கேட்டார். விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிய மாதம் அது.

"ஒரு நாள் கூட நிக்கலியே."

அவர் புத்தகத்தை மூடினார். வகுப்பு முடிந்தது என்று சொல்லவும் இல்லை. நாங்களாக எழுந்து போனோம். ஜாய்சன் மட்டும் நின்று, நீல அட்டை நோட்டை அவர் முன்னால் வைத்தார்.

"ஐயா, என்னை மன்னிக்கணும். எனக்கு இந்த இடம் பிடிச்சிருக்கு. வேண்டாம்னு சொல்ல வரல. ஆனா இதைப் படிச்ச பிறகு எனக்கு இங்க உட்கார மனசு கூசுது."

தனசிங் நோட்டைத் திறந்தார். ஒரு பக்கத்தில், கோவிலம்பாக்கத்திலிருந்து வரும் ஒரு மாணவரைப் பற்றி: சத்தமாக வாசிக்கச் சொன்னால் திக்குவார்; பாடச் சொல்லுங்கள், திக்காது. இன்னொன்றில்: இந்த அம்மாவின் கணவருக்கு இவர் படிப்பது தெரியாது, வீட்டுக்குப் போன் செய்யாதீர்கள். வேறொன்றில்: கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பார், எரிச்சலாக வரும், அடக்கிவிடாதீர்கள், ஒருநாள் அவர் கேட்ட கேள்வியில்தான் எனக்குப் பாடமே புரிந்தது. அறுபத்திரண்டு பேர். தன் இடத்தில் உட்காரப் போகிறவருக்கு ஒருவரையும் விடாமல் எழுதியிருந்தார். கடைசிப் பக்கத்தில் ஒன்று தனியாக இருந்தது: அப்பா ஓய்வு பெற்ற பிறகும் கூடத்துக்கு வந்துகொண்டிருப்பார். ஏதாவது வேலை சொல்லுங்கள். சும்மா உட்காரவைத்தால் உடைந்துபோவார்.

தனசிங் நோட்டை மூடி, கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

வீட்டுக்குப் போனபோது வெண்ணிலா பெட்டியை டேப் போட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். தனசிங் தரையில், பெட்டிகளுக்கு நடுவில், சம்மணமிட்டு உட்கார்ந்தார். முழங்கால் வலிக்காரர் அப்படி உட்கார்ந்ததே மகளுக்கு ஏதோ நடந்திருப்பதைச் சொல்லிவிட்டது.

"அந்த விண்ணப்பத்தை எங்கம்மா வச்சிருக்க?"

"எதுக்குப்பா இப்ப?"

"எங்கப்பா பாக்கியநாதன் அண்ணனைப் பார்க்கவே இல்ல. என்னை மட்டும்தான் பார்த்தார். நான் உன்னைத் தவிர எல்லாரையும் பார்த்தேன். ரெண்டும் ஒண்ணுதாம்மா. ரெண்டு பேருமே ஆளைப் பார்க்கல."

வெண்ணிலா டேப்பை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"எனக்குக் கோவம் போகலப்பா. இன்னும் கொஞ்ச நாள் இருக்கும்."

"இருக்கட்டும். நான் எங்கயும் போகப்போறதில்ல. விண்ணப்பத்தைக் குடு."

"குடுக்கிறேன். ஆனா ஜாய்சன் அண்ணன் விலகக் கூடாது. அவர் விட்டுக்குடுத்து எனக்கு வந்தா, தாத்தா உங்களுக்குக் குடுத்த மாதிரியே ஆயிடும். கமிட்டி ரெண்டு பேரையும் ஒரே நாள்ல பார்க்கணும். அப்புறம், நீங்க அந்த ரூம்ல இருக்கக் கூடாது."

"வாசல்ல இருக்கலாமா?"

அன்றைக்குத்தான் வெண்ணிலா பல வாரங்களுக்குப் பிறகு அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். "வாசல்ல இருங்க."

மறுவாரம் ஆட்சிக்குழு கூடியது. தனசிங் ஏழு பேர் முன்னால் எழுந்து நின்று, தம் மகளின் விண்ணப்பத்தைக் குழுவுக்குத் தெரியாமல் தாமே தள்ளிவைத்ததைச் சொன்னார். எந்தச் சமாதானமும் சொல்லவில்லை. தலைவியாக இருந்தவர் ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியை, கறாரானவர். "ஏன் மறைச்சீங்க சார்?" என்று கேட்டார்.

"பயம்மா. அப்பன் சொத்தா பதவி வந்ததுன்னு என்னைச் சொன்னாங்க. அவளையும் சொல்லிடுவாங்களேன்னு பயம். அதுக்கு நேர்மைன்னு பேர் வச்சுக்கிட்டேன்."

சொல்லிவிட்டு வெளியே வந்து வேப்பமரத்தடி சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தார். உள்ளே முதலில் ஜாய்சன், பிறகு வெண்ணிலா. இரண்டு மணி நேரம் ஆயிற்று. குப்பம்மா கொண்டுவந்து வைத்த தேநீரில் ஆடை படிந்துவிட்டது.

"இன்னாய்யா, பரிச்சை எழுத வந்த மாரி ஒக்காந்துகினு கீறீங்க?"

"நான் எழுதல குப்பம்மா. எழுதவிடாம பண்ணவன்."

"அத்த வுடுங்க. இப்ப உள்ள கீதுல்ல, எழுதிகினு. டீயக் குடிங்க."

கதவு திறந்தது. தலைவி வெளியே வந்து, ஏழில் ஐந்து வாக்கு வெண்ணிலாவுக்கு என்று சொன்னார். உங்களுக்குக் கிடைக்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்று ஜாய்சனைக் கேட்டார்களாம். "ஹீப்ரு வகுப்பை எனக்குக் குடுங்க, இங்கயே இருக்கிறேன்" என்றாராம். அதையும் கொடுத்துவிட்டோம் என்றார். தனசிங் எழுந்து நின்று எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டு அவர் சொன்னது ஒன்றுதான்: "அவங்க ரெண்டு பேரும் காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல. முதல்ல சாப்பிடச் சொல்லுங்க."

நாங்கள் அறிந்த நல்லாசானே! நிமிர்ந்து நின்று சாதித்தவை தங்களுக்கு ஏராளம். ஆயினும் ஏழு பேர் முன்னிலையில் தலைதாழ்த்தி நின்றீர்களே, அந்த ஐந்து நிமிடத்தில்தான் தங்கள் உயரத்தை முழுதாய் அளந்தோம்! தொடங்கிய கதையின் மீதத்தையும் சொல்லி முடிக்கிறோம்.

சென்ற ஞாயிறு பொறுப்பு கைமாறியது. வெண்ணிலா வெள்ளைப் பருத்திச் சேலையில் முழந்தாளிட்டார். தனசிங் இரண்டு கைகளையும் மகள் தலைமேல் வைத்தார். வாய்விட்டு ஜெபிக்க முயன்று, முடியாமல், மனத்துக்குள்ளேயே ஜெபித்தார். பிறகு இறங்கிவந்து மக்களோடு மூன்றாவது பெஞ்சில், பட்டாபிராமன் பக்கத்தில் உட்கார்ந்தார். முப்பத்து நான்கு ஆண்டுகளில் அந்தக் கூடத்தை அந்தப் பக்கத்திலிருந்து அவர் பார்த்ததே இல்லை.

வெண்ணிலா தம் முதல் அருளுரையை வழங்கினார். மோசேயிடம் இறைவன், யோசுவாவின்மேல் உன் கையை வை என்று ஒரு கையைத்தான் சொன்னார். மோசே இரண்டு கையையும் வைத்தார். அது ஏன்?

"எங்கப்பா இதுக்குத் தாராளம்னு அர்த்தம் சொல்வாங்க. கேட்டதுக்கு மேல குடுத்தார், பாத்திரம் வழிய வழியக் குடுத்தார்னு. யூத ஞானிகளும் அப்படித்தான் சொல்றாங்க. ஆனா கொஞ்ச நேரம் முன்னாடி ரெண்டு கை என் தலைமேல இருந்தப்போ எனக்கு வேற ஒண்ணு தோணுச்சு. மோசே கையில ஒரு கோல் இருந்தது. கடலுக்கு நேரா நீட்டின கோல். பாறையை அடிச்ச கோல். ஆடு மேய்ச்ச காலத்திலேருந்து கையில இருந்தது. ஒரு கையை மட்டும் வைக்கிறதா இருந்தா, இன்னொரு கையில கோலைப் பிடிச்சுக்கிட்டே வச்சிருக்கலாம். ரெண்டு கையையும் வைக்கணும்னா, முதல்ல அதைக் கீழே வைக்கணும்."

எல்லாத் தலையும் மூன்றாவது பெஞ்சுப் பக்கம் திரும்பியது. தாம் ஆண்டாண்டு காலமாகச் சொல்லிவந்த விளக்கத்தை மகள் முதல் நாளே தாண்டிப் போனதை அவர் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்று பார்க்கத்தான். அவர் பட்டாபிராமனின் முழங்கையை இடித்தார்.

"பேனா இருக்கா?"

பேனாவை வாங்கி, ஆராதனைக் குறிப்புத் தாளின் பின்புறத்தில், ஒரு வார்த்தை விடாமல் அதை எழுதிக்கொண்டார்.

முடிந்ததும் எல்லோரையும்போல வரிசையில் நின்றார். வாசலில் கைகுலுக்கிக்கொண்டிருந்த வெண்ணிலாவின் முன்னால் வந்தபோது சொன்னார்: "ரொம்ப நல்லா இருந்ததும்மா. இத்தனை வருஷம் நான் பாதியைத்தான் சொல்லியிருக்கேன்."

"மீதி இன்னைக்குக் காலை வரைக்கும் எனக்கும் தெரியாதுப்பா."

அவர் நகரவில்லை. பின்னால் வரிசை நின்றது.

"அடுத்த வாரம் எதைப் பத்திப் பேசப்போற?"

"வந்து கேளுங்க" என்றார் வெண்ணிலா.

ஐயா! கேட்கத் தங்களுக்குக் கூரிய செவி நிலைக்கட்டும். எழுதிக்கொள்ளத் தளராத கை நிலைக்கட்டும். ஏரிக்கரை நெடுக நடந்து வர, வலி விலகிய முழங்கால் வாய்க்கட்டும். எண்பதும் தொண்ணூறும் கடந்து, ஞாயிறு தவறாமல் எங்களுள் ஒருவராய் அந்த மூன்றாவது பெஞ்சில் அமர்ந்து, ஆண்டவன் அருளால் அகமும் முகமும் மலர்ந்து வாழ்க! தங்கள் இல்லம் செழிக்க! தாங்கள் ஒளித்துவைத்து, பின் தாங்களே வெளிக்கொணர்ந்த ஒளி இந்தக் கூடத்தில் நெடுங்காலம் நின்று சுடர்க!

தங்கள் தவறைச் சொல்லச் சொன்ன துணிவுக்குத் தலைவணங்கி,
தங்கள் அன்பில் என்றும் அடங்கிய
ஆசிரியர்கள், அலுவலர்கள், விடுதிப் பணியாளர்கள்,
செம்பாக்கம் ஏரிக்கரை இறையியல் கல்விச்சாலை.